ராசாவுக்கு ஒரு கரண்டித் தண்ணீர்

கதிரை சூடாக இருந்தது.

கமலநாயகி ஈரத்துணியை வாளிக்குள் போட்டாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் திரும்பவும் தொட்டுப் பார்த்தாள். சிவப்புத் தோல் அடித்த பெரிய கதிரை. காலங்காலமாக ஆட்கள் இருந்து இருந்து நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சூடு அந்தப் பள்ளத்துக்குள்தான். பஸ்ஸில் ஒருத்தர் எழும்பிப் போன இடத்தில் நாங்கள் போய் இருந்தால் கீழே ஒரு சூடு தெரியுமே, முன்பின் அறியாத மனுசரின் சூடு, கொஞ்சம் அருவருப்பானது, அதே சூடு. கைப்பிடியைத் தொட்டாள். அது இரும்புபோலக் குளிர்ந்து கிடந்தது.

படியேறி வந்ததும் நீளமாகக் கிடக்கிற மேல்மாடிக் கூடம் அது. ஹீட்டர் மற்ற முனையில், அதுவும் போன மாரியிலிருந்து வேலை செய்வதில்லை. யன்னலுக்கு வெளியே தை மாதத்து மரங்கள் இலையில்லாமல் நின்றன. பின்னேரம் சரியாக ஆகமுதலே இருட்டு அடிமரத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கியிருந்தது. வீட்டில் பூனை இல்லை, நாய் இல்லை. அந்தக் கதிரையில் இருக்க உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான், வீட்டுக்காரக் கிழவர். அவரை மார்கழியில் தோட்டத்து மாதாகோவிலின் கீழே கல்லறையில் வைத்து மூடியாகிவிட்டது.

உழைத்துக் களைத்த உடம்புக்கு உடனே பயம் வராது. அது முதலில் காரணம் தேடும். வெயில் பட்டிருக்குமோ என்று பார்த்தாள். வெயிலைக் கண்டு கிழமைக் கணக்கு. கிழவரின் மகள் இளவரசி வந்து இருந்திருப்பாவோ என்று நினைத்தாள். அவ அந்தக் கதிரையைத் தாண்டிப் போகும்போது பாவாடையைக்கூட ஒதுக்கிப் பிடிக்கிறவ. கமலநாயகி குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தாள். பழந்தோல் மணம், மெழுகு மணம், அதற்கு அடியில் இன்னொன்று. கனநேரம் திறந்து கிடந்து காய்ந்த வாயின் மணம்.

அந்த மணம் அவளுக்குத் தெரியும்.

சட்டைக் கை மேலேறியிருந்தது. மணிக்கட்டில் அந்த அடையாளம் தெரிந்தது. நாலு விரலும் ஒரு பெருவிரலும், கண்டிப்போன நீலம். கிழவர் சாகும்போது பிடித்த இடம். அவரை அடக்கம் செய்து, வருசப் பிறப்பு முடிந்து, தைப்பொங்கலும் போய்விட்டது. அடையாளம் மங்கவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் கறுத்திருந்ததோ என்று பட்டது. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் பஸ் எடுத்துக் கடைசித் தரிப்பில் இறங்கி, காட்டுப் பாதையால் கொஞ்சத் தூரம் நடந்தால் இந்த வீடு வரும். வால்டெனெக் வீடு என்பார்கள். ஒரு காலத்தில் இவர்கள் ராசாக்கள். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன நாட்டை ஆண்டவர்கள். நூறு வருசத்துக்கு முதல் சனம் கிளம்பித் துரத்த, ரயிலில் ஏறி இங்கே வந்து சேர்ந்தார்கள். இப்போது அந்த நாடும் இல்லை. பக்கத்து நாடுகள் ஆளுக்கொரு பாதியாகப் பிய்த்து எடுத்துவிட்டன. ஆனாலும் அடுத்த ராசா யார் என்கிற சண்டை மட்டும் முடியவில்லை. கிழவருக்கு மகன் இல்லை. ஒட்டிலியே என்ற ஒரே மகள், அறுபது தாண்டியவ, கலியாணம் கட்டாதவ. அவர்களுடைய குடும்பச் சட்டப்படி பட்டம் பெண்ணிடம் நிற்காது. பெண் ஊடாக ஆண் பிள்ளைக்குப் போகலாம், அவ்வளவுதான். அதனால் கிழவரின் தம்பிமார் வழியில் வந்த இரண்டு பேர், ஒரு நெட்டையரும் ஒரு தாடிக்காரரும், கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையெல்லாம் கமலநாயகிக்குச் சொன்னது கொறற்றி. அவள்தான் முதலில் இங்கே துப்புரவு வேலை செய்தவள். முழங்கால் ஏலாது என்று சொல்லி வேலையைக் கமலநாயகிக்குக் கைமாற்றிவிட்டாள்.

"எங்களுக்கும் நாடில்லை, அவைக்கும் நாடில்லை, கமலாக்கா" என்று கொறற்றி சிரித்தாள். "நாங்கள் வந்து அகதி எண்டு அசூல் அடிச்சம். அவை வந்து ராசாவாகவே இருந்திட்டினம். அவ்வளவுதான் வித்தியாசம்."

"ராசாவின்ரை கக்கூசும் கக்கூசுதானே" என்றாள் கமலநாயகி.

"அதையும் போய்ப் பாருங்கோ. பூப்போட்ட கக்கூசு."

கூடம் முழுக்கப் படங்கள். ஒவ்வொரு ராசாவும் அந்தச் சிவப்புக் கதிரையில் இருக்கிறார். எல்லாருக்கும் இடது கண்ணின் மேலிமை பாதி விழுந்து, அந்தக் கண் நித்திரையிலும் மற்றக் கண் முழிப்பிலும் இருக்கும். பரம்பரை அடையாளமாக்கும் என்று கமலநாயகி நினைத்திருந்தாள். ஆனால் ஒருவருக்கு மட்டும் இரண்டு படம் இருந்தது. முதலாவதில் அவர் இளம் பெடியன், குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு கண்ணும் நல்ல கண்கள், வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவதில் அதே ஆள், அதே மச்சம், கதிரையில் இருக்கிறார். இமை விழுந்துவிட்டது. வாயும் வேறு ஆருடையதோ வாய். தூசு தட்டும்போது அந்த இரண்டு படத்துக்கும் நடுவில் அவள் கை எப்போதும் ஒருக்கால் நின்றுதான் போகும்.

கிழவர் செத்த நாள் அவளுக்கு வேலை நாள் இல்லை. இளவரசி தானே போன் எடுத்துக் கூப்பிட்டா.

போகும்போது அறை வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். இளவரசி, நெட்டையர், தாடிக்காரர். கறுப்பு உடுப்பு. கதவு திறந்திருந்தது, ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. "அவரோடு கொஞ்சம் இருங்கள், கமலா. எங்களால் முடியவில்லை" என்றா இளவரசி. துக்கம் தாங்காமல் நிற்கிறார்கள் என்று கமலநாயகி நினைத்தாள். பெரிய ஆட்களுக்கும் துக்கம் துக்கம்தானே.

உள்ளே கட்டிலில் கிழவர் கிடந்தார். வாய் பிளந்து, உதடு வெடித்து, நாக்கு காய்ந்த பட்டைபோல. தொண்டைக்குள் ஒரு சத்தம், பழைய கதவு திறக்க மாட்டாமல் இழுபடுகிற சத்தம். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை. வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு வெள்ளிக் கரண்டி. தண்ணீர் ததும்ப இருந்தது. ஒருவரும் கொடுக்கவில்லை.

சாகிற உயிர் தண்ணீர் கேட்கும், பிள்ளைகள்தான் வார்க்க வேண்டும். பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் அயலில் உள்ளவர்கள் வார்ப்பார்கள். வார்க்காமல் விடுகிற சனம் அவளுடைய சனத்தில் இல்லை. அவளுடைய தகப்பன் வன்னியில் கண்ணை மூடும்போது அவள் இங்கே அகதி முகாமில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன்தான் வார்த்தானாம். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கரண்டியை எடுத்து நாக்கில் தண்ணீரை விட்டாள்.

கிழவர் விழுங்கினார். கை எழும்பி வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. சாகிற ஆளின் பிடி இல்லை அது. விழுந்த இமைக்குக் கீழே அந்தக் கண் அசைந்தது.

"நீ யாருடைய பிள்ளை?" என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஆளைச் சொல்லியிருப்பார்கள். துப்புரவுக்கு வருகிறவள் என்று சொல்லியிருப்பார்கள். கமலநாயகியின் ஆட்கள் சாகிறவரிடம் அப்படிச் சொல்வதில்லை. "உங்கள் பிள்ளைதான் அப்பா, குடியுங்கள்" என்றாள், தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

"பையன் இருக்கிறானா?"

ஆறுதலாகப் போகட்டும் என்று அவள் நினைத்தாள். "எனக்கு மகள். அவளுக்கு மாசியில் பிறக்கும். ஆண் பிள்ளை."

கிழவர் இன்னொரு கரண்டி குடித்தார். சிரித்தார். பிறகு அந்தக் கதவுச் சத்தம் நின்றுபோனது.

வாசலில் நெட்டையர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். தாடிக்காரர் வந்து அவளுடைய ஈரக் கையை எடுத்து, குனிந்து முத்தமிட்டார். இருபத்தைந்து வருசம் இந்த நாட்டில் நிலம் துடைத்த கை. ஒருவரும் அதை மரியாதைக்குத் தொட்டதுகூட இல்லை. அவளுக்கு வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு வழக்கு முடிந்துவிட்டது. இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று கொறற்றியின் மனுசன் பேப்பரில் பார்த்துச் சொன்னார். இளவரசி ஒவ்வொரு முறையும் வாசல்வரை வந்து கேட்பா: "நம்முடைய சின்னவர் எப்படி இருக்கிறார்?" எந்த ஆஸ்பத்திரி, பிள்ளை பிறக்கிற டெர்மின் என்றைக்கு என்று எல்லாம் கேட்டா. கமலநாயகி எல்லாம் சொன்னாள். மகள் நிருஷாவுக்கு முதல் இரண்டு தரம் கலைந்து போயிருந்தது. இரண்டாவது தரம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்களில் கமலநாயகி அவளுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். இந்தப் பிள்ளை தங்க வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு உலகத்தில் ஒன்றும் வேண்டாம். அதனால் யார் அக்கறையாகக் கேட்டாலும் நெஞ்சு நிறைந்து சொல்லிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை கதிரை சூடாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் இருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை அந்தச் சூடு குறுகியிருந்தது. தோலின் பழைய பள்ளம் அப்படியே இருந்தது. அதற்குள் இன்னொரு பள்ளம், ஒரு பள்ளிக்கூடப் பெடியன் இருந்த அளவுக்கு. அடுத்த செவ்வாய் இன்னும் குறுகியது. தவழுகிற பிள்ளையை வைத்து எடுத்ததுபோல. அதற்கடுத்த வெள்ளி அவள் கூடத்துக்கு வாளியைக் கொண்டுபோகாமல், படியிலேயே நின்று, பிறகு போய்த் தொட்டாள். உள்ளங்கை அளவு. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினால் எவ்வளவு, அவ்வளவு. அது மட்டும் கொதித்தது.

வீட்டில் நிருஷா சோபாவில் சாய்ந்திருந்து சிரித்தாள். "அம்மா, நாள் முழுக்க இவன் சத்தமில்லை. நீங்கள் வந்து சப்பாத்தைக் கழட்டினவுடனை திரும்பிப் படுக்கிறான். வந்து கையை வையுங்கோ."

கமலநாயகி கை வைக்கவில்லை. கை குளிர் என்று சொன்னாள்.

"எப்ப பாத்தாலும் குளிர். பேரன் உங்களைத் தேடுறான், நீங்கள் ஓடுறீங்கள்."

குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு கொறற்றிக்குப் போன் எடுத்தாள்.

"நீ ஏன் அந்த வேலையை விட்டனீ? உண்மையைச் சொல்லு. முழங்கால் கதையை விடு."

கொறற்றி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"ஒருக்கால் கிழவருக்கு வருத்தம் கடுமையாய் வந்தது, அக்கா. அப்ப இளவரசி என்னைத்தான் உள்ளை போய்த் தண்ணி குடுக்கச் சொன்னவ. எனக்கு அந்த நாத்தம் ஏலாது. மாட்டன் எண்டன். பிறகு கிழவர் எழும்பிட்டார். பிறகு ஒருநாள் கேட்டா, உனக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டு. இல்லை எண்டன். அதோடை வேறை ஆளைப் பாருங்கோ எண்டு சொல்லிட்டா. எனக்கு வெக்கமாய் இருந்தது, அதுதான் முழங்கால் எண்டன்."

"நீ என்னைப் பற்றி என்ன சொன்னனீ?"

"என்ன சொன்னனான். நல்ல மனுசி, நல்ல சுத்தம். மகளுக்குப் பிள்ளை தங்கியிருக்கு, பெடியனாம் எண்டு. அதுவும் அவ கேட்டதாலை சொன்னனான்." குரல் தாழ்ந்தது. "சாகிற ஆக்களுக்கு உங்கட ஆக்கள் என்ன செய்வினம் எண்டும் கேட்டவ. தண்ணி பால் வாப்பினம், ஆரெண்டாலும் வாப்பினம் எண்டன். ஏன் அக்கா? என்ன நடந்தது?"

கமலநாயகி போனை வைத்துவிட்டாள். கண்ணாடியில் அவளுடைய முகத்துக்குக் கீழே சட்டைக் கை விலகியிருந்தது. அடையாளம் இப்போது கறுப்பு. விரல்கள் முன்னையைவிட இறுகியிருந்தன.

அடுத்த செவ்வாய் அவள் வேலைக்குப் போகவில்லை. வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனாள்.

இளவரசி கீழ் அறையில் மேசைக்கு முன்னால் இருந்து வெள்ளிக் கரண்டியைத் துணியால் மினுக்கிக்கொண்டிருந்தா. யன்னலில் பின்னேர இருட்டு. விளக்குப் போடவில்லை. "இருங்கள், கமலா" என்று கோப்பி ஊற்றினா. இதுவரை அந்த அறையில் கமலநாயகியை இருக்கச் சொன்னதில்லை.

கமலநாயகி இருக்கவில்லை. மணிக்கட்டைக் காட்டினாள். "எனக்கு இது வேண்டாம். திருப்பி எடுங்கள்."

இளவரசி அடையாளத்தைப் பார்த்தா. தலையாட்டினா. நல்ல துணியைக் கடையில் பார்க்கிறவர்கள் தலையாட்டுவதுபோல.

"நாடு போனது. அரண்மனை போனது. நகையெல்லாம் போனது. அவர் போகவில்லை."

"யார்?"

"ராஜா. நீங்கள் மேலே படங்களைத் துடைத்திருக்கிறீர்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தீர்கள்? ஒருவர்தான்." கரண்டியை யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தா. "என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது கரண்டியைக் கையில் கொடுத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அதற்கு முன் அவர் நன்றாகப் பாடுவாராம், என் அத்தை சொல்வார். நான் என் அப்பாவை ஒருநாளும் கண்டதில்லை. அவரைத்தான் கண்டேன்."

"அந்த இரண்டு பேரும் இருந்தார்களே. பட்டம் வேண்டும் என்று வழக்காடினார்களே."

இளவரசிக்குச் சிரிப்பு வந்தது. "வேண்டும் என்றா? ஒவ்வொருவரும் மற்றவருக்குத்தான் உரிமை என்று வழக்காடினார்கள். இரண்டு பேருக்கும் மகன்கள் இருக்கிறார்கள், கமலா. நல்ல பிள்ளைகள்."

"எனக்குப் பேரன்."

"ஆம்" என்றா இளவரசி. "அதனால்தான்."

மேலே கூடத்தில் தோல் கிறீச்சிட்டது. கதிரையை விட்டு ஒருத்தர் எழும்புகிற சத்தம். பாரமில்லாத ஆள். இளவரசி எழுந்து நின்று தலைகுனிந்தா.

"இரத்தம் எது, தோல் என்ன நிறம் என்று நாங்கள்தான் பார்த்தோம். அவர் பார்ப்பதில்லை. நீங்கள் அவரை அப்பா என்றீர்கள். பையன் இருக்கிறான் என்றீர்கள். ஒருவரும் உங்களைச் சொல்லச் சொல்லவில்லை."

அப்போதுதான் போன் அடித்தது. மருமகன் தாரகன். மூச்சு வாங்கியது.

"மாமி, நிருஷாவுக்கு வலி வந்திட்டுது. நேரத்துக்கு முன்னம். ஆஸ்பத்திரியிலை நிக்கிறம். பிள்ளையின்ரை இதயத் துடிப்புக் குறையுதாம், வெட்டித்தான் எடுக்க வேணுமாம். கெதியாய் வாங்கோ. உங்களைத்தான் கேக்கிறா."

"காரில் கொண்டுபோய் விடுகிறேன்" என்றா இளவரசி. கோட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டா.

கமலநாயகி வெளியே ஓடினாள். காட்டுப் பாதையில் உறைந்த சேறு. சப்பாத்து வழுக்கியது. பின்னால் இலைச் சருகு நொறுங்கியது, அவள் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு நொறுங்கல், அவள் நின்றபோதும் இன்னும் ஒன்று. பஸ் நின்றது. ஏறினாள். முன்னுக்கு ஒரு கிழவியும் காதில் பாட்டுக் கேட்கிற ஒரு பெடியனும். கமலநாயகி நடுவில் இருந்தாள். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. பஸ் திரும்பியபோது அவளுடைய தொடை அந்த இருக்கையில் முட்டியது.

சூடு.

காய்ந்த வாயின் மணம்.

முன்னால் இருந்த கிழவி மூக்கைச் சுழித்து ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது கமலநாயகிக்கு விளங்கியது. அந்த ராசா தன்னந்தனியாகப் போக மாட்டான். அவள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள், நிருஷாவின் வயிற்றுக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போனாள். இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போகிறாள்.

மணியை அழுத்தினாள். வயலும் காடும் சந்திக்கிற தரிப்பு. ஒரு வீடு இல்லை. இறங்கினாள். கதவு சாத்த, பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் மறைந்தது.

தகரக் கூரைக்குக் கீழே இருக்க ஒரு பலகை வாங்கு. அதில் இருந்தாள். இருந்தாள், அவ்வளவுதான். போன் திரும்பத் திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. எடுத்தால் மகளின் குரல் கேட்கும், குரல் கேட்டால் கால் எழும்பிவிடும். நிருஷா அந்த வெள்ளை அறையில் கதவைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அம்மா வருவா, அம்மா வருவா என்று. கமலநாயகி வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முருகா, இங்கேயே வைத்திரு. இவனை என்னோடேயே வைத்திரு. விறைத்துச் செத்தாலும் நான் இந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன்.

ஒரு கார் போனது. வேகமாக. கறுப்புக் கார். பீலெஃபெல்ட் பக்கம்.

பக்கத்தில், வாங்கின் பலகையில், சூடு இருந்தது. சின்னச் சூடு. அவளோடு ஒட்டிக்கொண்டு, குளிருக்கு ஒதுங்கின பிள்ளைபோல. அவள் அழுதாள். அழுதுகொண்டே அதற்கு மேல் கையை வைத்து அழுத்தினாள், போகவிடாமல். "இரு" என்றாள். "என்னோடை இரு."

பனி விழத் தொடங்கியது. விரல்கள் விறைத்தன. பாதம் இருப்பதே தெரியவில்லை. இன்னொரு பஸ் வந்து, அவளைப் பார்த்து நின்று, போனது.

பிறகு பலகை குளிர்ந்தது.

தடவிப் பார்த்தாள். அந்தப் பக்கம் தடவினாள். இந்தப் பக்கம். எங்கும் குளிர். மணம் இல்லை. பனியின் மணம் மட்டும். சட்டைக் கையை மேலே தள்ளி, போன் வெளிச்சத்தில் மணிக்கட்டைப் பார்த்தாள்.

அடையாளம் இல்லை. நீலம் இல்லை, கறுப்பு இல்லை. அவளுடைய பழைய தோல், அவளுடைய பழைய நரம்பு.

கமலநாயகி சிரித்தாள். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தனியே இருந்து, வாய்விட்டு, பல் கிடுகிடுக்கச் சிரித்தாள். போய்விட்டான். குளிர் தாங்காமல் போய்விட்டான். காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

போன் அடித்தது. வீடியோ. எடுத்தாள்.

தாரகனின் முகம், கண்ணீரும் சிரிப்பும். "மாமி, எங்கை நிக்கிறீங்கள்? பிறந்திட்டான். ரெண்டு பேரும் சுகம். ஐயோ மாமி, ஒரு கட்டத்திலை பிள்ளையின்ரை துடிப்பு நிண்டே போச்சாம். லாரா எண்ட தாதிதான் சொன்னா. டொக்டரே கையை விட்டிட்டாராம். பிறகு தானாய் வந்ததாம். இப்ப, கொஞ்சத்துக்கு முன்னம்."

கொஞ்சத்துக்கு முன்னம்.

"உங்கட வேலை வீட்டு ஷெஃபினும் வந்திட்டா, மாமி. நீங்கள் அனுப்பினதாய்ச் சொன்னா. எவ்வளவு நல்ல மனுசி. வெள்ளிக் கரண்டி கொண்டுவந்தவ. அதாலை பிள்ளையின்ரை வாயிலை ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு வைச்சவ. அவையின்ரை வழக்கமாம். எங்கடை வழக்கமும் அதுதானே எண்டு நானும் விட்டிட்டன்."

போன் திரும்பியது. வெள்ளைச் சுவர். இளவரசி. அவவுக்குப் பின்னால் நெட்டையர், தாடிக்காரர். கறுப்பு உடுப்பு. மூன்று பேரும் தலைகுனிந்து நின்றார்கள்.

"பாருங்கோ மாமி. அழவே இல்லை. பிறந்ததிலையிருந்து பாத்துக்கொண்டிருக்கிறான்."

நிருஷாவின் நெஞ்சில் துணியில் சுற்றின சின்ன முகம். சிவந்த, ஈரமான, அவளுடைய பேரனின் முகம். தாரகனின் நெற்றி. நிருஷாவின் மூக்கு.

இடது இமை பாதி விழுந்திருந்தது.

வலது கண் திறந்திருந்தது. பிறந்த பிள்ளையின் பார்வை எங்கும் நிற்காது. இது நின்றது. போனுக்குள்ளால் வந்து அவளில் நின்றது. வாய் மெல்லப் பிளந்தது, அடையாளம் கண்டுகொண்டவரின் சிரிப்பாக.

"அம்மா" என்றாள் நிருஷா. களைத்த குரல், இன்னும் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது அதில். "அம்மா, இவனைப் பாருங்கோ. கையை விடுறானில்லை. சொல்லுங்கோ விடச்சொல்லி. நோகுது."

நிருஷாவின் மணிக்கட்டில் அரிசிமணி நகங்களுள்ள அந்தச் சின்ன விரல்கள் இறுகிக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே சதை முதலில் வெளுத்தது. பிறகு, கமலநாயகி பார்த்துக்கொண்டிருக்க, நீலமாகத் தொடங்கியது.